டாக்டருக்குப் போடாத ஓட்டு

ஜனவரி 12

நன்றிக்கு ஒண்ணு, நாட்டுக்கு ஒண்ணுன்னு ஆளுக்கு ரெண்டு ஓட்டாக் கொடுத்திருக்கலாமில்ல மைனா, ஏன் ஒண்ணே ஒண்ணு கொடுத்தாங்க? இதையே யோசிச்சுக்கிட்டுத் தைச்சதுல ஒரு சட்டைக்கு ரெண்டுமே இடது கையா வெச்சுட்டேன். பிரிச்சுத் திரும்பத் தைச்சேன்.

அடடா, சுகம் விசாரிக்காமலே ஆரம்பிச்சுட்டேன் பாரு. நீ நல்லா இருக்கியா கண்ணு? வேளைக்குச் சாப்பிடறியா? இங்க நானும் மாமாவும் ஆண்டவன் புண்ணியத்துல நல்லா இருக்கோம். என் காது போன வருஷத்தைவிட இன்னும் மோசம். போன்ல நீ பேசினா தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு. அதனால லெட்டர்தான் நமக்கு. எனக்கும் இதுதான் வசதி. நடுவுல யாரும் குறுக்க பேச முடியாதில்ல.

விஷயத்துக்கு வரேன். எலெக்‌ஷன் வருது. நம்ம டாக்டர் மறுபடியும் நிக்கறாரு. ரெண்டு வருஷம் முன்னாடி குடல்ல ஓட்டை விழுந்து மாமா சுருண்டு கிடந்தப்போ வயித்தைக் கிழிச்சுத் தைச்சு உயிரைத் திருப்பிக் கொடுத்தவரு. ஒரு பைசா வாங்கல. இந்த ஊர்ல யார் சட்டையைத் தூக்கினாலும் அவர் போட்ட தையல்தான் தெரியும். காசுதான் வாங்கமாட்டேங்கறாரே, ஓட்டையாவது கொடுப்போம்னு அஞ்சு வருஷம் முன்னாடியே ஊரே சேர்ந்து அவரை எம்.பி. ஆக்கி அனுப்பிச்சோம். தினமும் சாமி முன்னாடி நிக்கும்போது உன் பேருக்கு அடுத்தது அவர் பேருதான் சொல்றேன்.

இப்போ வந்திச்சு வினை. பக்கத்து ஸ்கூல் டீச்சரம்மா அளவு கொடுக்க வந்தாங்க. "யாருக்கம்மா ஓட்டு?"ன்னாங்க. "டாக்டருக்குத்தான், என் வீட்டுக்காரரைக் காப்பாத்தினாரே"ன்னேன். அவங்க என் காதுகிட்ட வந்து, "அது டாக்டர் வேலை. நல்லாச் செஞ்சாரு. எம்.பி. வேலையை எப்படிச் செஞ்சாரு?"ன்னு கத்தினாங்க. எனக்கு வாயடைச்சுப் போச்சு. எனக்கு வாயடைச்சுதுன்னா நீயே புரிஞ்சுக்கோ.

மாமாவைக் கேட்டா, "எம் வயித்துக்குள்ள அவர் கை போயிட்டு வந்திருக்கு. இதுல பேச என்ன இருக்கு?"ன்னு பேப்பருக்குள்ள மூஞ்சிய வெச்சுக்கிட்டாரு.

எனக்கு மனசு கேக்கல. எதுவும் தெரிஞ்சுக்காம போடறதும் தப்பாத் தெரியுது. தெரிஞ்சுக்கிட்டு அவருக்குப் போடலைன்னா அது துரோகமாத் தெரியுது. நிக்கறதுல பெரிய ஆளுங்க மூணு பேரு. டாக்டர், செங்கல் சூளை முதலாளி, கோர்ட்டுக்குப் போற வக்கீலம்மா. மூணு பேரைப் பத்தியும் கம்ப்யூட்டர்ல தேடி எழுது. நீ படிச்ச பொண்ணு, ராத்திரி டூட்டியில நர்சுங்களுக்கு நேரம் கிடைக்கும்னு நீயே சொல்லியிருக்க.

உன் போன லெட்டர் கவர்ல அட்ரஸ் மாறியிருக்கே, ஏன்? ஆஸ்பத்திரி ஹாஸ்டல்தானே இருந்துது?

ஆண்டவன் உன் கூடவே நிக்கட்டும்.
அத்தை

ஜனவரி 27

அன்புள்ள அத்தைக்கு,

மாமாவுக்கும் உங்களுக்கும் என் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். வேலை எப்போதும் போலத்தான். ஹாஸ்டலில் பெயிண்ட் அடிக்கிறார்கள், அதனால்தான் கொஞ்ச நாளைக்கு வேறு விலாசம்.

நீங்கள் கேட்டபடி தேடினேன். மூவருமே முன்பும் தேர்தலில் நின்றவர்கள். வேட்புமனுவோடு ஒவ்வொருவரும் தங்கள் சொத்தையும் வழக்குகளையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சூளை முதலாளிமீது தொழிலாளர்களுக்குச் சம்பளம் தராத வழக்குகள் இருக்கின்றன. மனைவி பெயரில் எவ்வளவோ நிலம். படிப்பு என்ற இடத்தில் ஒரு கல்லூரியின் பெயர் எழுதியிருக்கிறார். அந்தக் கல்லூரி எங்கே இருக்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லையாம்.

வக்கீலம்மாவுக்கு ஒரு வீடு, அதன்மேல் ஒரு கடன். நூல் ஆலையை மூடியபோது அங்கே வேலை செய்தவர்களுக்காகப் பல வருஷம் வழக்கு நடத்தி நிலுவையை வாங்கிக் கொடுத்திருக்கிறார். பேட்டிகளில் சிரிப்பதே இல்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறார். நேரில் பார்த்தால் உங்களுக்குப் பிடிக்காது என்று நினைக்கிறேன்.

குளிரில் அதிகாலையில் எழுந்து மெஷினில் உட்கார வேண்டாம். மாமாவை மாத்திரை மறக்காமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மைனா

பிப்ரவரி 6

என் தங்கத்துக்கு,

உன் லெட்டர் வந்த அன்னிக்கே மூணு தடவை படிச்சாச்சு. நீ சுகமா இருக்கேன்னு எழுதினதைப் பாத்து சாமிக்கு ஒரு கும்பிடு போட்டேன். மாமா மாத்திரையை ஒழுங்காச் சாப்பிடறாரு. சாப்பிடலைன்னா நான் பேச ஆரம்பிச்சுடுவேன்னு தெரியும்.

சூளை முதலாளி மீட்டிங்குக்குப் போனேன். வெறும் பேப்பரைப் பாத்து ஒரு மனுஷனை ஒதுக்கக் கூடாதில்ல, அதனாலதான். ஒரு உண்மையச் சொல்றேன், சிரிக்காதே. எனக்குக் காது கேக்கற மாதிரி பேசற ஒரே ஜாதி எலெக்‌ஷன்ல நிக்கறவங்கதான். அந்த ஸ்பீக்கர் முன்னாடி உக்காந்தா ஒவ்வொரு வார்த்தையும் நெஞ்சுல இடிக்குது. எவ்வளவு சந்தோஷமா இருந்துது தெரியுமா! பக்கத்துல இருந்தவங்க எல்லாம் காதைப் பொத்திக்கிட்டாங்க, நான் மட்டும் ராணி மாதிரி உக்காந்திருந்தேன். என்ன பிரயோஜனம். "உங்கள் வீட்டுப் பிள்ளை நான்"னு பத்து தடவை சொன்னாரு. என் வீட்ல பிள்ளையே இல்ல, இருந்திருந்தா வேலை பாத்தவங்களுக்குச் சம்பளம் கொடுக்காம இருக்க விட்டிருக்க மாட்டேன். எழுந்து வந்துட்டேன்.

அவரைக் கழிச்சாச்சு. அப்புறம் கண்ணு, மூணு பேரைக் கேட்டேன், நீ ரெண்டு பேரைப் பத்தித்தானே எழுதியிருக்க. டாக்டர் எங்க? மறந்துட்டியா? நீ மறக்கற ஆளு இல்லையே. சின்ன வயசுல கடைக்கு அனுப்பிச்சா சொன்னதுல ஒண்ணு விடாம வாங்கிட்டு வருவ.

மாமா சொல்றாரு, "நல்ல மனுஷனைப் பத்தி கம்ப்யூட்டர்ல என்னடி இருக்கும், திருடனைப் பத்தித்தான் இருக்கும்"னு. அவர் பெருமைக்குச் சொல்றாரு. எனக்கு மட்டும் ஏதோ உறுத்துது.

ஆமா, எத்தனை நாளா அந்தப் பெயிண்ட் அடிக்கறாங்க? கோயில் கோபுரத்துக்கே இவ்வளவு நாள் ஆகாது.

சாமி துணை. பதில் போடு.
அத்தை

பிப்ரவரி 25

அன்புள்ள அத்தைக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலம்தானே?

பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். வேலை அதிகம். டாக்டர் நல்லவர் அத்தை. அவர்மீது எந்த வழக்கும் இல்லை. உங்கள் மனசு சொல்கிறபடி அவருக்கே போடுங்கள்.

மைனா

மார்ச் 3

மைனாவுக்கு,

உன் உடம்புக்கு ஒண்ணுமில்லையே? முதல்ல அதைச் சொல்லு. லெட்டரைப் பிரிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், பின்னாடி ஏதாவது எழுதியிருக்கியான்னு. ஒண்ணும் இல்ல. அதை அனுப்ப ஒரு ஸ்டாம்பு வேற ஒட்டியிருக்க.

நான் உன்னை அடுப்படி மேடை மேல உக்கார வெச்சு சோறு ஊட்டினவ. நீ சாப்பாடு பிடிக்கலைன்னாலும் இப்படித்தான் "போதும் அத்தை, நல்லா இருக்கு"ன்னு ரெண்டு வார்த்தையில எழுந்திரிப்ப. அதே குரல் இந்த லெட்டர்ல கேக்குது. என் காது மந்தம்தான், இது கேக்குது.

டாக்டரைப் பத்தி ஏதோ தெரிஞ்சு வெச்சிருக்க. நான் மனசு ஒடிஞ்சு போவேன்னு பயப்படற. கேட்டுக்கோ. நான் கும்பிடறது வேற, தெரிஞ்சுக்கறது வேற. அவர் கெட்டவருன்னே நீ எழுதினாலும் சாமி முன்னாடி அவர் பேரைச் சொல்றதை நிறுத்தமாட்டேன். என் வீட்டுக்காரர் எதிர்ல உக்காந்து உப்பு பத்தலைன்னு குறை சொல்றாரே, அதுக்குக் காரணம் அவரு. அந்தக் கணக்கு எனக்கும் சாமிக்கும் நடுவுல தனியா ஓடுது.

போன வாரம் வக்கீலம்மா வீடு வீடா வந்தாங்க. நீ சொன்னது சரிதான், சிரிக்கவே இல்ல. செருப்பு வார் அறுந்திருந்துது, பின் குத்தியிருந்தாங்க. எனக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சதும் கத்தல. என் எதிர்ல உக்காந்து, உதடு தெரியற மாதிரி மெதுவாப் பேசினாங்க. நான் ஒண்ணுதான் கேட்டேன். "ஜெயிச்சா பார்லிமென்ட்டுக்குத் தினமும் போவீங்களா?" அவங்க யோசிச்சு, "போவேம்மா. எனக்கு வேற பெரிசா எதுவும் தெரியாது"ன்னாங்க. மாமா மோர் கொண்டுவந்து கொடுத்தாரு, ஆனா மூஞ்சியத் திருப்பிக்கிட்டே கொடுத்தாரு.

இப்போ உண்மையை எழுது. என்னைப் பத்திரமா வெச்சுக்கறேன்னு நீ எதையும் மறைக்க வேண்டாம்.

ஆண்டவன் உனக்குத் தைரியம் கொடுக்கட்டும்.
அத்தை

மார்ச் 20

அன்புள்ள அத்தைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் என் வேண்டுதல். இதை எழுத இத்தனை நாள் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

டாக்டர் கெட்டவர் இல்லை அத்தை. சொத்து என்று ஒரு வீடும் பழைய கார் ஒன்றும்தான். ஆனால் நாடாளுமன்றத்தில் யார் எந்த நாள் வந்தார், என்ன கேட்டார், எந்தச் சட்டத்துக்கு எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்பதெல்லாம் இணையத்தில் இருக்கிறது. அவர் பெரும்பாலும் போகவே இல்லை. ஐந்து வருஷத்தில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. போகாத நாட்களில் அவர் ஊர் சுற்றவும் இல்லை. உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்.

என்னைப் போன்ற ஒப்பந்த நர்சுகளை நிரந்தரமாக்க ஒரு சட்டம் வந்தது. மற்ற எல்லாரும் டியூட்டி அறையில் டி.வி.யைப் பார்த்தபடி நின்றார்கள் என்று பிறகு தோழிகள் சொன்னார்கள். நாலு ஓட்டில் தோற்றது. டாக்டர் அன்றைக்கு வரவில்லை. போன தேர்தலில் நர்சுகள் பக்கம் நிற்பேன் என்று பேசியவர் அவர்.

நான் அந்த டி.வி. முன்னால் இல்லை அத்தை. ரயிலில் இருந்தேன், உங்களிடம் வந்துகொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் மாமாவுக்கு ஆபரேஷன்.

அந்தத் தேதியைத் திரையில் பார்த்ததும் மூடிவிட்டேன். உங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெயிண்ட் எதுவும் அடிக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தது என்று போன வருஷக் கடைசியில் எங்களை எல்லாம் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இப்போது படுக்கையில் இருக்கும் ஒரு ரிடயர்டு ரயில் டிரைவரை அவர் வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொள்கிறேன். நல்ல மனிதர். வண்டி எத்தனை நிமிஷம் லேட் என்று தூக்கத்தில் கேட்பார். ஏதாவது ஒன்று சொன்னால்தான் திரும்பிப் படுப்பார்.

எனக்கு யார்மீதும் கோபமில்லை. ஒரு தட்டில் என் வேலையையும் இன்னொரு தட்டில் மாமாவையும் வைத்து எடுத்துக்கொள் என்று சொன்னால் எத்தனை தடவை கேட்டாலும் மாமாவைத்தான் எடுப்பேன். டாக்டருக்கு நானும் நன்றிக்கடன் பட்டவள்தான். அதனால் அவருக்கே போடுங்கள் என்று எழுதினேன். பொய்யாக எழுதவில்லை.

உங்கள்
மைனா

ஏப்ரல் 2

மைனாவுக்கு மாமா எழுதறது.

நான் நலம். உன் அத்தையும் நலம்னு எழுத ஆசைதான். உன் லெட்டர் வந்ததுல இருந்து அவ பேசல. சண்டை இல்ல. சமைக்கறா, தைக்கறா, சாமி கும்பிடறா. வாயத் திறக்க மாட்டேங்கறா. கல்யாணம் ஆனதுல இருந்து இந்த வீட்ல இப்படி ஒரு அமைதியை நான் பாத்ததில்ல. வேணும்னு எத்தனையோ நாள் கேட்டிருக்கேன். கிடைச்சதும் பயமா இருக்கு.

லெட்டரை நானும் படிச்சேன். பஸ்ஸுக்கு அடியில படுத்து நட்டு முடுக்கினவன் நான், எனக்கு எழுத வராது. ஏம்மா, என் உயிருக்கு உன் வேலைதான் விலைன்னு தெரிஞ்சும் ரெண்டு மாசமா மாத்திரை சாப்பிடச் சொல்லி எழுதிட்டிருந்தியா?

டாக்டர் மேல எனக்கு ஒரு குறையும் வராது. என் ஓட்டு அவருக்குத்தான். அதை மாத்திக்க முடியல, கோவிச்சுக்காதே. உன் அத்தை என்ன பண்ணுவான்னு தெரியல. இன்னிக்கு நல்ல புடவையைக் கட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் கிளம்பிட்டா. உடம்புக்கு என்னன்னு கேட்டா, கையை மட்டும் ஆட்டிட்டுப் போயிட்டா.

இங்க வந்து கொஞ்ச நாள் இரு. ரூம் காலியாத்தான் இருக்கு.

மாமா

ஏப்ரல் 5

என் கண்ணு மைனாவுக்கு,

சுகமா? நான் சுகம். வாய் திரும்பி வந்துடுச்சு. மாமா ரேடியோ சத்தத்தை மறுபடியும் கூட்டி வெக்க ஆரம்பிச்சுட்டாரு, அதுல இருந்து தெரிஞ்சுக்கோ.

உன் லெட்டரைப் படிச்சதும் எனக்கு ஒண்ணு கண்ணுக்கு முன்னாடி வந்து நின்னுது. அன்னிக்கு ஆபரேஷன் ரூம் வாசல்ல நாற்காலி மேல ஒரு பயணப் பை இருந்துது. ஜிப்பெல்லாம் மூடி, டிக்கெட்டு சைடுல செருகி. டாக்டர் பைன்னு ஆஸ்பத்திரி ஆயா சொன்னாங்க. ஏதோ சொந்தக்காரங்க ஊருக்குக் கிளம்பினவரு நமக்காக நின்னுட்டாருன்னு நினைச்சு அழுதேன். அவர் எங்க போக இருந்தாருன்னு இப்பதான் தெரியுது.

நீ எழுதினதைப் படிச்சுட்டு உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். அவரைத் திட்டத் தோணல. அவருக்குப் போடவும் கை வரல. பின்னால ஒண்ணு, முன்னால ஒண்ணு நான் செய்யமாட்டேன். நேர்லயே சொல்லிடலாம்னு போனேன்.

வரிசையில டோக்கன் வாங்கி உக்காந்தேன். உள்ள போனதும், "என்னம்மா, வீட்டுக்காரருக்கு என்ன?"ன்னாரு. "அவருக்கு ஒண்ணுமில்ல ஐயா. நான்தான் வந்தேன். ஒரு ரகசியம் சொல்லணும்"னேன். அப்புறம் குரலை நல்லாத் தாழ்த்தி, அவர் காதுகிட்டப் போய் சொன்னேன். "தினமும் உங்க பேரைச் சொல்லித்தான் கும்பிடறேன். அது என் மூச்சு உள்ளவரைக்கும் நிக்காது. ஆனா இந்தத் தடவை என் ஓட்டு உங்களுக்கு இல்ல. உங்களுக்குத் தெரியாம செஞ்சா துரோகம், அதனாலதான் சொல்லிட்டேன்."

அவர் கம்பவுண்டரைப் பாத்தாரு. கம்பவுண்டர் ஓடிப்போய் கதவைச் சாத்தினாரு. எனக்கு ஏன்னு புரியல.

"ஏம்மா?"ன்னு என் காதுகிட்டக் குனிஞ்சு கேட்டாரு. கோவமா இல்ல, நாக்கை நீட்டுன்னு சொல்றாரே, அந்தக் குரல்ல. நான் உன் கதையைச் சொன்னேன். நீங்க இங்க இருந்ததால என் வீட்டுக்காரர் இருக்காரு. அங்க இல்லாததால என் அண்ணன் மக வேலை போச்சு. ஒரே ஆளு எப்படி ஐயா ரெண்டு எடத்துல இருக்க முடியும்? நாங்கதான் தப்பு பண்ணிட்டோம். ஓட்டை ஃபீஸாக் கொடுக்கறோம்னு நினைச்சு உங்களை ரெண்டு துண்டாப் போட்டுட்டோம்னேன்.

அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழட்டி மேஜை மேல வெச்சாரு. அப்புறம், "நான் போயிருந்தாலும் மூணு ஓட்டுல தோத்திருக்குமேம்மா"ன்னாரு. "வராத மத்தவங்களும் இப்படித்தான் நினைச்சிருப்பாங்க ஐயா"ன்னேன். சொன்னதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அவர் சிரிச்சாரு மைனா. சிரிச்சுட்டு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "எலெக்‌ஷன்ல நின்னே ஆகணும்னு கட்சிக்காரங்க எல்லாரும் வந்து உக்காந்துக்கறாங்க. நோயாளியைப் போன்னு சொல்லத் தெரியாதவனுக்கு அவங்களைப் போன்னு சொல்லத் தெரியுமா?"ன்னாரு. என் தலை மேல கைய வெச்சு, "உங்க அண்ணன் மககிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு எழுதுங்க"ன்னாரு. எழுதிட்டேன்.

உனக்கு ஒரு வேலை கேக்கலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துது. கேக்கல. கேட்டிருந்தா மறுபடியும் அதே மாதிரி ஓட்டு கடனாத்தான் போயிருக்கும். உனக்கு வருத்தமா?

வெளிய வந்தேன். அவ்வளவு பெரிய வரிசை. எல்லாரும் என்னையே பாக்கறாங்க. மருந்துச் சீட்டு எழுதற பொண்ணு ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டினா: "ஆன்ட்டி, நீங்க சொன்ன ரகசியம் கேட் வரைக்கும் கேட்டுச்சு." காது கேக்காதவ தாழ்த்திப் பேசினா எப்படி இருக்கும்னு எனக்கு என்னடி தெரியும்! முக்காட்டைப் போட்டுக்கிட்டு ஓடி வந்தேன்.

ஆண்டவனே, அந்த மனுஷனுக்குக் கெடுதல் பண்ணிட்டேனோன்னு இருக்கு. நீ என்ன சொல்ற?

அத்தை

ஏப்ரல் 17

அன்புள்ள அத்தைக்கு,

இருவரும் நலமா? நான் நலம். இந்த முறை அதை யோசிக்காமல் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை ரயில் டிரைவருக்குப் படித்துக் காட்டினேன். ரகசியம் கேட் வரைக்கும் கேட்ட இடத்தில் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. முதுகைத் தட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று. "அந்த அம்மாவை வண்டிக்கு ஹாரனாக வைத்திருக்கலாம்" என்றார்.

எனக்கு வருத்தமில்லை. வேலை கேட்காமல் வந்ததற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கேட்டிருந்தால் மறுக்கத் தெரியாதவர் எங்காவது எனக்கு இடம் கொடுத்திருப்பார். என்னோடு நிறுத்தப்பட்ட மற்றவர்களின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

ஒன்று தெரியுமா, இந்தத் தடவை நான் ஓட்டுப் போடுவதில்லை என்று இருந்தேன். நாலு ஓட்டில் தோற்றதைப் பார்த்த பிறகு யாருக்குப் போட்டால் என்ன என்று ஒரு கசப்பு. உங்களுக்காகத் தேடத் தேட அது கரைந்துவிட்டது. உங்கள் மூன்று பேரைத் தேடியதும் எங்கள் தொகுதி ஆட்களையும் தேடினேன். யாருக்குப் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன். உங்களைப் போல் ஊருக்கே அறிவிக்க மாட்டேன். டிரைவரும் வருகிறேன் என்கிறார். சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். சட்டை இஸ்திரி போடச் சொல்லி இப்போதே தொல்லை.

டாக்டரின் மன்னிப்பு எனக்கு வந்து சேர்ந்தது. அவரைப் பார்த்தால், மாமாவுக்காக என் நன்றியையும் சொல்லுங்கள். தயவுசெய்து காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்.

தேர்தல் முடிந்து ஒரு மாதம் அங்கே வருகிறேன். மாமாவிடம் ரூமைக் காலி செய்ய வேண்டாம், அவர் ரேடியோ சாமான்களை ஓரமாக வைத்தால் போதும் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
மைனா

மே 18

என் செல்லம் மைனாவுக்கு,

நீ வரேன்னு எழுதினதுல இருந்து கால் தரையில இல்ல. உன் டிரைவருக்கும் சேத்து சாமிகிட்டச் சொல்லிட்டேன். அவர் உன்னை விட்டுட்டு ஒரு மாசம் இருப்பாரா?

ஓட்டுப் போட்ட கதையச் சொல்லணும். வெயில் ஏறறதுக்கு முன்னாடி நானும் மாமாவும் ஒண்ணாத்தான் போனோம். அவர் ஆம்பளைங்க வரிசையில, நான் பொம்பளைங்க வரிசையில. அட்டைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனேன். டாக்டர் படம் சின்னதா அச்சடிச்சிருந்தாங்க, என்னையே பாக்கற மாதிரி. "ஐயா, உங்களுக்குத் தெரியுமே"ன்னு மனசுக்குள்ள சொன்னேன். மனசுக்குள்ளதான் சொன்னேன்னு நம்பறேன். அப்புறம் வக்கீலம்மாவுக்குப் போட்டேன். வெளிய வந்ததும் மனசு கழுவி விட்ட தரை மாதிரி இருந்துது.

வீட்டுக்கு வரும்போது மாமா சொல்றாரு, "என் ஓட்டு உன் ஓட்டை அடிச்சுடுச்சு. ரெண்டு பேரும் ஃபேன் காத்துல படுத்தே இருந்திருக்கலாம்." நான் சொன்னேன், "அப்படின்னா நீங்க படுத்திருக்க வேண்டியதுதானே, நான் மட்டும் போயிருப்பேன்." அதுக்கு அவரு, "அந்தக் கணக்கு எனக்கும் தெரியும்டி, அதனாலதான் வந்தேன்"னாரு. வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டே வந்தோம்.

ரிசல்ட்டு உனக்குத் தெரிஞ்சிருக்கும். வக்கீலம்மா ஜெயிச்சுட்டாங்க. பெரிய வித்தியாசம் இல்ல. டி.வி.யில அதைப் பாத்ததும் எனக்கு சந்தோஷத்துக்குப் பதிலா அழுகைதான் வந்துது. ஆஸ்பத்திரி வரிசையில இருந்தவங்க என்ன பேசிக்கிட்டாங்களோ, யார் யார் மனசு மாறினாங்களோ. டீச்சரம்மா, "உங்களால ஒண்ணும் இல்ல, வீண் பெருமை வேண்டாம்"னு கத்திட்டுப் போறாங்க. அப்படியே இருக்கட்டும்.

மாமாவுக்குச் செக்கப் இருந்துது. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறதுன்னு நான் மாமா பின்னால ஒளிஞ்சுக்கிட்டே போனேன். டாக்டர் மாமா வயித்தை அமுக்கிப் பாத்தாரு, தையல் தழும்பைத் தடவிப் பாத்தாரு. நிமிராமலே, எனக்குக் கேக்கற மாதிரி சத்தமா, "பின்னாடி நிக்கறது என்னைத் தோக்கடிச்ச அம்மாதானே? முன்னாடி வாங்க"ன்னாரு. நீ சொன்ன நன்றியைப் பேப்பர்ல எழுதி வெச்சிருந்தேன், நீட்டினேன். படிச்சாரு. மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு. "இனிமே வாரத்துல எல்லா நாளும் இங்கதான் இருப்பேன், டோக்கனுக்கு அவசரப்பட வேண்டாம்"னாரு. கம்பவுண்டர் சொல்றாரு, அவர் இப்பதான் நல்லா சாப்பிடறாராம்.

வக்கீலம்மா பார்லிமென்ட்டுக்குப் போயிட்டாங்க, பதவிப் பிரமாணம் எடுத்தாச்சு. புது செருப்பு போட்டிருந்தாங்க, டி.வி.யில பாத்தேன். அவங்க தினமும் வராங்களான்னு நீ கம்ப்யூட்டர்ல பாத்துக்கிட்டே இரு. உங்க நர்சு சட்டத்தைத் திரும்பக் கொண்டு வரச் சொல்லி நானே ஒரு லெட்டர் எழுதறேன். வரலைன்னா நேர்ல போய் அவங்க காதுலயும் ஒரு ரகசியம் சொல்லிட்டு வரேன்.

ஆண்டவன் எனக்கு எல்லாத்தையும் கொடுத்திருக்கான் மைனா. குறை சொல்ற புருஷன், பொய் சொல்லத் தெரியாத நீ, கோவிச்சுக்காத டாக்டர். சீக்கிரம் வா.

அத்தை

ஐயோ, கவரை ஒட்டப் போகும்போதுதான் ஞாபகம் வருது. ஆயா சொன்னாங்க, ஓட்டுப் போடற அன்னிக்கு டாக்டர் ஓட்டே போடலையாம். லாரி மோதின ஒருத்தரைக் கொண்டுவந்திருக்காங்க, கட்சிக்காரங்க கீழ கார் வெச்சுக்கிட்டு காத்திருக்க, அவர் ஆபரேஷனை முடிச்சுட்டுக் கையைக் கழுவிட்டு வரும்போது ஓட்டுச்சாவடியை மூடிட்டாங்களாம்.